ஆர்கேட்டாவின் கடைமடை

கலிபோர்னியாவின் வடகோடியில், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து காரில் ஐந்தாறு மணி நேரத் தொலைவில், ஹம்போல்ட் விரிகுடாவின் வடகரையில் இருக்கிறது ஆர்கேட்டா. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 18,857. கிழக்கே ரெட்வுட் மரங்கள் அடர்ந்த மலைச்சரிவு, தெற்கே விரிகுடா. சரிவில் அமைந்த ஊர் ஆகையால் வீட்டுக் கழிவுநீர் பெரும்பாலும் தெற்கு நோக்கி இறங்கி, ஓதம் ஏறி இறங்கும் சேற்று விளிம்புக்கு வந்து சேரும்.

1986இல் நான் அங்கே இருந்த ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கப் போனேன். வெளியூர் விருந்தாளி வந்தால் ஊர்க்காரர்கள் முதலில் ரெட்வுட் காட்டைக் காட்டுவார்கள். அடுத்தபடியாகச் சாக்கடை போய்ச் சேரும் இடத்துக்குக் கூட்டிப்போவார்கள். தங்கள் கழிவறைத் தண்ணீரை நினைத்துப் பெருமைப்படுகிறோம் என்ற பொருள்பட வாசகம் அச்சடித்த பனியன்களையும் போட்டுக்கொள்வார்கள். என் வாழ்நாளில் எத்தனையோ சுத்திகரிப்பு நிலையங்களைப் பார்த்திருக்கிறேன். ஊரின் பின்புறத்தில், சுடுகாட்டையும் தாண்டி, யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் அவற்றுக்கு விதிக்கப்பட்ட இடம். ஆர்கேட்டா அந்த விதியை மாற்றியது. மாற்றிய விதமும், அதற்குப் பிறகு நாற்பது ஆண்டில் நேர்ந்திருப்பதும் என்னை இன்னும் விடவில்லை.

அந்தக் கரை அழகாகவே பிறந்த இடம்தான். வியோட் மக்கள் அந்த விரிகுடாவைச் சுற்றி நூற்றாண்டுகளாக மீனும் சிப்பியும் எடுத்து வாழ்ந்தார்கள். 1850இல் வெள்ளையர் குடியேறி ஊர் அமைத்தார்கள். மேய்ச்சல் நிலம் வேண்டும் என்று விரிகுடா ஓரத்து உப்புச் சதுப்புகளுக்குக் கரை போட்டுக் கடல்நீரைத் தடுத்தார்கள். ரயில் பாதையும் ஒரு கரையாகி நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் கழிவதற்குள் பழைய உப்புச் சதுப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஊரின் தெற்கு விளிம்பில் மர ஆலைகள் வந்தன. அறுக்க வேண்டிய மரங்களை மிதக்கவிடும் குளங்கள் வந்தன. பின்னால் குப்பைமேடும் வந்தது. 1949 வரை சாக்கடை சுத்திகரிப்பு ஏதுமின்றி நேரே விரிகுடாவில் கலந்தது. அந்த ஆண்டு ஒரு முதல்நிலைச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். 1957இல் அதன் பக்கத்தில் 55 ஏக்கர் அளவில் ஆக்சிஜனேற்றக் குட்டைகள் வெட்டினார்கள். 1966இல் குளோரின் சேர்த்தார்கள். 1973இல் குப்பைமேட்டை மூடினார்கள். மூடிய குப்பைமேடு, கைவிட்ட மரக்குளம், சாக்கடைக் குட்டை மூன்றும் அடுத்தடுத்துக் கிடந்த அந்தப் பகுதிக்கு வேலையில்லாமல் யாரும் போவதில்லை.

1974இல் கலிபோர்னியா அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. மூடிய விரிகுடாக்களிலும் கழிமுகங்களிலும் இனிமேல் நகராட்சிக் கழிவுநீரை, சுத்திகரித்ததையும்கூட, விடக் கூடாது. நல்ல நோக்கம் கொண்ட கொள்கை. அதைச் செயல்படுத்த யுரேகா, ஆர்கேட்டா, அண்டை ஊர்கள் எல்லாவற்றையும் சேர்த்து 1975இல் ஒரு பொது ஆணையம் அமைத்தார்கள். விரிகுடாவைச் சுற்றிலும் பெருங்குழாய் பதிப்பது, கப்பல் போகும் கால்வாயின் அடியிலும் குழாயைக் கடத்துவது, எல்லா ஊர்ச் சாக்கடையையும் ஒரே இடத்தில் சேர்த்துச் சுத்திகரித்துத் திறந்த கடலில் விடுவது. இதுதான் திட்டம். செலவு ஐந்து கோடி டாலருக்கும் மேல். நிலநடுக்கம் அடிக்கடி வரும் பூமி அது. குழாயின் வழி நெடுகிலும் நீரேற்று நிலையங்கள் ஓயாமல் ஓடவேண்டும். அதற்கான மின்கட்டணத்தை ஊர்க்காரர்கள் காலமெல்லாம் கட்டவேண்டும்.

ஆர்கேட்டா மறுத்தது. மறுக்க அந்தக் கொள்கையிலேயே ஒரு வழி இருந்தது. கழிவுநீரால் விரிகுடாவுக்கு நன்மை விளைகிறது என்று நிரூபித்தால் விதிவிலக்கு உண்டு. கழிவுநீரால் கடலுக்கு நன்மை என்று அன்றைக்குச் சொல்லத் துணிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் மீன்வளப் பேராசிரியர் ஜார்ஜ் ஆலன். சுத்திகரித்த சாக்கடை நீரையும் விரிகுடா நீரையும் கலந்து குட்டைகளில் சால்மன் குஞ்சுகளை வளர்த்துக்கொண்டிருந்தார். சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் கியர்ஹார்ட், நகரப் பொதுப்பணி இயக்குநர் ஃபிராங்க் க்ளாப், நகர்மன்றத்தின் டான் ஹவுசர் ஆகியோர் அவரோடு சேர்ந்தார்கள். கடலில் கொண்டுபோய்க் கொட்டுவதற்குப் பதிலாகக் குட்டைக்கும் விரிகுடாவுக்கும் நடுவே ஒரு சதுப்பை உண்டாக்கினால் என்ன என்று கேட்டார்கள். பல கூட்டங்கள், பல மறுப்புகளுக்குப் பிறகு 1979இல் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. சின்னச் சின்னப் பாத்திகளில் கோரை நட்டு, உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் அளந்தார்கள். அளவுகள் பேசின. 1986இல், நான் போய்ச் சேர்ந்த அதே ஆண்டு, சதுப்பு முழு அளவில் சுத்திகரிப்போடு இணைந்தது. மறுஆண்டு ஃபோர்டு அறக்கட்டளையும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து தரும் அரசு நிர்வாகப் புதுமைக்கான விருது ஊருக்குக் கிடைத்தது. பரிசு ஒரு லட்சம் டாலர். இப்போது அங்கே ஒரு சதுப்புக்கு ஆலன் பெயர், ஒன்றுக்குக் கியர்ஹார்ட் பெயர், ஒன்றுக்கு ஹவுசர் பெயர். ஒரு சிற்றேரிக்கு க்ளாப் பெயர். தலைவர்களின் பெயரைப் பாலத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் வைத்துப் பார்த்து வளர்ந்தவள் நான். சாக்கடை சேரும் நீர்நிலைக்கு உயிரோடிருக்கும் மனிதர்களின் பெயரை மரியாதையாக வைத்ததைக் கண்டபோது அந்த ஊரின் மேல் எனக்கு வந்த மதிப்பு இன்றுவரை குறையவில்லை.

அந்தச் சதுப்பு வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். எளிமையானது, ஆனால் யாரோ ஆழ்ந்து யோசித்தது. ஊரிலிருந்து வரும் நீர் முதலில் கம்பித் தடுப்பைத் தாண்டுகிறது. துணியும் பிளாஸ்டிக்கும் அங்கே நின்றுவிடும். அப்புறம் மணல் படிகிறது. படிவுத் தொட்டியில் கனமான கசடு அடியில் தங்குகிறது. அந்தக் கசடு மூடிய கலனில் காற்றில்லாமல் செரித்து மீத்தேனை வெளியிடுகிறது. மேலே தெளிந்த நீர் குட்டைகளுக்குப் போகிறது. அங்கே பாசி வெயிலைக் குடித்து ஆக்சிஜனை வெளியிடும். அந்த ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியா அழுக்கைத் தின்னும். மோட்டார் வேண்டாம், காற்றூட்டி வேண்டாம். ஏறக்குறைய ஒரு மாதம் நீர் அங்கே தங்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. சாக்கடை அழுக்குப் போய்விடும், ஆனால் அதைப் போக்கிய பாசியே நீரில் பச்சையாக மிதந்து புதிய அழுக்காகிவிடும். அதை அப்படியே விரிகுடாவில் விட்டால் பாசி அழுகி மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். சம்புக்கும் கோரைக்கும் வேலை இங்கேதான். ஆளுயரத்துக்கு அடர்ந்து வளர்ந்து நீரின் மேல் நிழல் போடும். வெயில் கிடைக்காத பாசி செத்து அடியில் படியும். நீருக்குள் இருக்கும் ஒவ்வொரு தண்டின் மேலும் நுண்ணுயிர்கள் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொண்டு மிச்சத்தைத் தின்னும். லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் கசடு இருக்கக் கூடாது என்பது சட்டம். கோரைக்குள் புகுந்து வெளிவரும் நீர் அந்த வரம்புக்குள் வந்துவிடும்.

என் அப்பா பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளிலேயே அவருடைய வேலைக்காலம் கழிந்தது. மதுராந்தகம் ஏரிக்கரையில் மழைக்காலத்து இரவுகளில் டார்ச் விளக்கோடு நடந்தவர். 1990களின் தொடக்கத்தில் என்னைப் பார்க்க வந்தபோது அவரைச் சதுப்புக்குக் கூட்டிப்போனேன்.

"ஏம்மா, சாக்கடையைக் காட்டவா இவ்வளவு தூரம் வரச் சொன்னே?"

"கொஞ்சம் நடங்கப்பா. பார்த்துட்டுச் சொல்லுங்க."

அவர் நடந்தார். குளிருக்கு மஃப்ளரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கரையின் சரிவைக் காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்கு நீர் இறங்கும் இடத்தில் நின்றார். "இது மதகு." இன்னும் கொஞ்சம் தள்ளி, "இது கலுங்கு. மேல் ஏரி நிரம்பினா கீழ் ஏரிக்குப் போகுது. நம்ம ஏரிச் சங்கிலிதான் இது. சம்பு மட்டும்தான் புதுசு. நாங்க அதைப் பிடுங்கி எறிவோம், இவங்க நட்டு வளர்க்கிறாங்க." கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "வாடையே இல்லையே." அப்புறம் பொறியாளராகவே கேட்டார். "எல்லாம் சரிம்மா. ஆயக்கட்டு எங்கே?"

நல்ல கேள்வி. ஏரி என்று ஒன்று இருந்தால் அதில் பாயும் நிலம் இருக்கவேண்டும். நான் விரிகுடாவைக் காட்டினேன். ஓதம் இறங்கியிருந்தது. மைல் கணக்கில் விரிந்த சேற்றில் ஆயிரக்கணக்கில் உள்ளான்களும் நீளமூக்கு காட்விட்களும் கொத்திக்கொண்டிருந்தன. கொக்கு, வக்கா எல்லாம் கரையோரம். தொலைவில் சிப்பி வளர்ப்பவர்களின் வரிசைக் கழிகள். கலிபோர்னியாவில் விளையும் சிப்பியில் பெரும்பங்கு அந்த விரிகுடாவில்தான் விளைகிறது.

"கடைமடையிலதான் விளைச்சலே போலிருக்கு" என்றார் அப்பா. நம்மூரில் கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் கடைசியில் வரும், வராமலும் போகும். அவனுடைய மனுக்களைப் படித்தே தலை நரைத்தவர் அவர். கடைமடையை முதலில் நினைத்து, அதிலிருந்து மேல்நோக்கி வடிவமைத்த ஒரு நீர்ச்சங்கிலியை அன்றைக்குத்தான் பார்த்தார்.

சிப்பி மிகக் கண்டிப்பான பரிசோதகன். தன் வழியாக நீரை வடிகட்டியே உண்பதால் நீரில் உள்ள கிருமி அதன் உடம்பில் தங்கிவிடும். எனவே பெருமழை பெய்தால் சில நாட்களுக்குச் சிப்பி எடுக்கக் கூடாது என்று மாநிலச் சுகாதாரத் துறை விதி வைத்திருக்கிறது. காரணம் சுத்திகரிப்பு நிலையம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மேற்கே தாழ்நிலத்து மேய்ச்சல் காடுகளிலிருந்து மாட்டுச்சாணம், மலையோரத்து வீடுகளின் செப்டிக் தொட்டி, தெருவில் நாய் விட்டது, எல்லாவற்றையும் மழை திரட்டிக்கொண்டு ஓடைகள் வழியே விரிகுடாவில் சேர்க்கும். சாக்கடையை எவ்வளவு கவனித்தாலும் நீர்ப்பிடிப்பு முழுவதையும் கவனிக்காவிட்டால் சிப்பிக்காரருக்கு வருமானம் இல்லை. ஊரார் இதை மெல்லத்தான் புரிந்துகொண்டார்கள். எனக்கும் படிக்கும்போது சொல்லித்தந்தது குழாய்க்குள் ஓடும் நீரைப் பற்றித்தான். குழாய்க்கு வெளியே ஓடும் நீரை அந்த ஊர்தான் கற்றுத்தந்தது.

ஜாலி ஜெயன்ட் என்று ஓர் ஓடை. நகரம் 1955இல் பொதுக் காடாக அறிவித்த இடத்தில் பிறந்து, பல்கலைக்கழக வளாகத்தில் இறங்கி, ஊருக்குள் தெருக்களுக்கு அடியில் குழாயில் ஒளிந்து, சதுப்பின் அருகே புட்சர் கழியில் போய் விரிகுடாவைச் சேர்கிறது. நான் மாணவியாக இருந்தபோது அந்த ஓடை ஊருக்குள் எங்கே ஓடுகிறது என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. சாக்கடையைத் தெரிந்திருந்த ஊருக்குத் தன் ஓடையைத் தெரியாமல் இருந்தது. இப்போது அப்படி இல்லை. சில இடங்களில் குழாயை உடைத்து ஓடையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கரையில் வில்லோ நட்டிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதன் ஓட்டத்தை வரைபடமாகவே போடுகிறார்கள்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. ஆர்கேட்டாவின் குடிநீர் இந்த நீர்ப்பிடிப்பைச் சேர்ந்ததே இல்லை. வடக்கே ஓடும் மேட் ஆற்றின் மணல் படுகையிலிருந்து ஆழ்கிணறுகளால் எடுக்கிறார்கள். அந்த ஆறு விரிகுடாவைத் தொடாமல் நேரே பசிபிக் கடலில் விழுவது. 1960களின் தொடக்கத்தில் மேலே மலையில் ரூத் நீர்த்தேக்கம் கட்டினார்கள். கட்டியதன் முக்கியக் காரணம் கடற்கரை மணல்திட்டில் இருந்த காகிதக்கூழ் ஆலைகளின் தாகம். ஆலைகள் இப்போது இல்லை, தேக்கம் இருக்கிறது. ஆக, ஒரு வீட்டில் குழாயைத் திறந்து மூடும்போது ஓர் ஆற்றின் நீர் அந்த ஆறு தொடாத விரிகுடாவுக்குப் போய்ச் சேருகிறது.

அந்தக் காகிதக்கூழ் ஆலைகள் கழிவைத் திறந்த கடலில் விட்டன. கடல் பெரியது, எதையும் கரைத்துவிடும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. 1970களில் ஆர்கேட்டாவின் மேல் திணிக்கப்பட்ட பொதுத் திட்டமும் அதே நம்பிக்கையில்தான் நின்றது. அலைச்சறுக்கு விளையாடும் இளைஞர்கள் அந்தக் கடலில் இறங்கி உடல் உபாதைகளோடு கரையேறினார்கள். அவர்களுடைய அமைப்பு வழக்குத் தொடுத்து, 1991இல் ஆலைகள் அபராதத்துக்கும் கழிவைச் சீர்செய்யவும் ஒப்புக்கொண்டன. கடலும் ஒருவருடைய கடைமடைதான் என்று நீதிமன்றம் வரை போய் நிறுவவேண்டியிருந்தது.

இன்றைய நிலைமைக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் 2022இல் மாறி கால் பாலி ஹம்போல்ட் ஆகிவிட்டது. சதுப்பும் காட்டுயிர்ப் புகலிடமும் சேர்ந்து 307 ஏக்கர். 300க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. குட்டைகளில் நீர்நாய்கள் குடும்பத்தோடு நீந்துகின்றன. ஏப்ரல் மாதத்தில் காட்விட் பறவையின் பெயரிலேயே ஒரு திருவிழா நடக்கிறது. வெளிநாடுகளிலிருந்து தொலைநோக்கியோடு ஆட்கள் வருகிறார்கள். ஒரு காலத்தில் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்ட இடத்தில் இன்று கல்யாணப் படம் எடுக்கிறார்கள்.

பார்க்க எல்லாம் நலம்போல் இருக்கிறது, ஆனால் நோய் வேறு இடத்தில் இருக்கிறது. முதலாவது, பழைய குழாய்கள். அக்டோபரிலிருந்து மே வரை அங்கே மழைதான். தெருவுக்கு அடியிலும் வீட்டுத் தோட்டத்துக்கு அடியிலும் கிடக்கும் விரிசல் விட்ட குழாய்களில் மழைநீர் கசிந்து புகுந்துவிடும். கோடையில் அமைதியாக வந்து சேரும் நீர், புயல் நாளில் பல மடங்காகப் பெருகி வந்து மோதும். சாக்கடை நீர்த்துப்போனால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. குட்டையில் நீர் தங்கவேண்டிய நாட்கள் குறைந்துவிடும். கோரைக்குள் நிதானமாக ஊறவேண்டிய நீர் அவசரமாக ஓடிவிடும். குளிரில் நுண்ணுயிர்களின் பசியும் மந்தம். மழை, குளிர், வெள்ளம் மூன்றும் ஒரே மாதங்களில் வருவதால் நிலையத்துக்கு மிகவும் வேலை இருக்கும் காலத்தில் அதன் தெம்பு மிகக் குறைவு. இதைச் சரிசெய்ய ஒவ்வொரு தெருவாகத் தோண்டிக் குழாய் மாற்றவேண்டும். அந்த வேலைக்கு விருதும் கிடையாது, பறவை பார்க்க வருகிறவர் யாரும் அதைப் பார்க்கவும் மாட்டார். ஆனாலும் சதுப்பைக் காப்பாற்றுவது அந்தக் குழாய் வேலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது, விதிகள் கடுமையாகியிருக்கின்றன. அமோனியாவைக் குறைப்பதில் குளிர்ப்பிரதேசத்துச் சதுப்புக்கு ஓர் எல்லை உண்டு. கிருமி கொல்லும் குளோரினும் நீர்வாழ் உயிர்களுக்கு நல்லதில்லை. குளோரின் போட்டு, பிறகு அதைப் போக்க இன்னொரு வேதிப்பொருள் போட்டுப் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். இப்போது அந்த வேலையைப் புறஊதாக் கதிர்களுக்கு மாற்றும் சீரமைப்பில் இறங்கியிருக்கிறார்கள். கான்கிரீட்டையும் எந்திரத்தையும் குறைத்துக் காட்டியதால் புகழ்பெற்ற நிலையத்துக்குப் புதுக் கான்கிரீட்டும் புது எந்திரமும் வருகின்றன. பழைய நண்பர்கள் சிலருக்கு இதில் வருத்தம். எனக்கு இல்லை. கோரை செய்யக்கூடியதைக் கோரை செய்யட்டும், அதனால் முடியாததை விளக்கு செய்யட்டும். ஆலனும் கியர்ஹார்ட்டும் அளந்து பார்த்து முடிவுசெய்த மனிதர்கள். அளவு மாறினால் முடிவும் மாறவேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது. கடல் ஏறுகிறது. உலகம் முழுவதும் ஏறுகிறது, ஆனால் ஹம்போல்ட் விரிகுடாவில் நிலமும் சேர்ந்து கீழே இறங்குகிறது. கடலடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே நுழையும் இடம் அது. விரிகுடாவின் வாயில் உள்ள ஓத அளவியில் கடல் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் உயர்கிறது. கலிபோர்னியாக் கரையிலேயே இதுதான் அதிகம். வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் கிரசென்ட் சிட்டியில் நிலம் மேலெழும்புவதால் கடல் இறங்குவது போலவே அளவி காட்டுகிறது. 1700 ஜனவரி 26 அன்று நடந்த பெருநிலநடுக்கத்தில் இந்த விரிகுடாவின் ஓரங்கள் சட்டென்று தாழ்ந்து சதுப்புகள் சேற்றுக்கு அடியில் புதைந்ததற்கு மண்ணிலேயே தடயம் இருக்கிறது. 2005 டிசம்பர் 31 புயல் ஓதத்தில் விரிகுடாவைச் சுற்றியுள்ள பழைய கரைகளின் மேல் பல இடங்களில் நீர் வழிந்தது. நிலையம், குட்டை, சதுப்பு எல்லாம் அதே வகைக் கரைகளின் தயவில்தான் நிற்கின்றன. மேய்ச்சலுக்காக நூறாண்டுக்கு முன் போட்ட மண் கரைகளும் அவற்றில் உண்டு.

1974இல் அரசு இந்த ஊரிடம் விரிகுடாவை விட்டு விலகச் சொன்னது. ஊர் வாதாடி வென்று விரிகுடாவின் மடியிலேயே தங்கியது. இப்போது விரிகுடாவே ஊரை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. ஒருகாலத்தில் எல்லாரும் வெட்கப்பட்ட மூடிய குப்பைமேடு, அந்தத் தாழ்நிலத்தில் உயரமாக நிற்கும் சில இடங்களில் ஒன்றாக இருக்கிறது. அதன் அடிவாரத்தைக் கடல்நீர் அரிக்காமல் பார்த்துக்கொள்வதும் இப்போதைய கவலைகளில் சேர்ந்துவிட்டது.

வென்றது தவறா என்று அந்த ஊர் நண்பர்கள் சிலரே கேட்கிறார்கள். 1970களின் பெருங்குழாய் வந்திருந்தால் இந்தத் தலைவலி இருக்காதே என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குழாயும் இதே தாழ்ந்த விளிம்பைச் சுற்றித்தான் போயிருக்கும், இதே நிலநடுக்கப் பூமியில்தான் கிடந்திருக்கும். அதைவிட முக்கியமாக, குழாய் போயிருந்தால் ஊர் அதை மறந்திருக்கும். சதுப்பு இருந்ததால்தான் ஓடையைத் தேடினார்கள், சிப்பிக்காரரைக் கேட்டார்கள், ஓதக் கணக்கைப் படித்தார்கள். கடல்மட்டம் உயர்வதைப் பற்றி அந்தச் சிற்றூரில் மளிகைக் கடை வரிசையில் நிற்பவர்கூட விவரமாகப் பேசுகிறார். தங்கள் கழிவு எங்கே போகிறது என்று தினமும் கண்ணால் பார்க்கிற மக்களிடம்தான் அந்த விவரம் வரும்.

இனி என்ன செய்வது என்பதில் ஊர் இரண்டு வழிகளையும் சேர்த்தே யோசிக்கிறது. அடுத்த சில பத்தாண்டுகளுக்குக் கரையை உயர்த்தி, கரைக்கு வெளியே உப்புச் சதுப்பை வளர்த்து அலையின் வேகத்தைக் குறைத்து, இருக்கும் இடத்திலேயே தாக்குப்பிடிப்பது ஒன்று. நீண்ட காலத்தில் நிலையத்தை மேட்டுக்கு மாற்றுவது மற்றொன்று. மேற்குப் பக்கம் மெக்டானியல் கழியில் இதற்கு முன்னோட்டம் போலவே ஒன்று நடந்திருக்கிறது. அங்கே பழைய மேய்ச்சல் கரையைத் தாங்களே உடைத்துக் கடல்நீரை உள்ளே விட்டு, உப்புச் சதுப்பைத் திரும்ப உண்டாக்கினார்கள். பாட்டன் போட்ட கரையைப் பேரன் உடைப்பதும், பேரன் வெட்டிய குட்டைக்குக் கரையை உயர்த்துவதும் ஒரே விரிகுடாவில் ஒரே காலத்தில் நடக்கின்றன. இரண்டும் தேவைதான்.

அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் கரையின் மேல்மட்டம் எவ்வளவு, சாய்வு எவ்வளவு, எந்த மண், எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பார். ஏரிக்கரை உடைவது பலவீனமான ஒரே இடத்தில்தான், ஆகவே நீளம் முழுவதையும் நடந்து பார்க்காமல் கரையைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவர் எங்களுக்குச் சொன்னது. நிலையம் மேட்டுக்குப் போகிற காலம் வந்தால் என் தரப்பில் ஒரே ஒரு கோரிக்கை உண்டு. ஊர்க்கூட்டத்துக்கு அதைக் கடிதமாகவும் எழுதியிருக்கிறேன். எந்த மேட்டுக்குப் போனாலும் இந்த நீர்ப்பிடிப்புக்குள்ளேயே போகட்டும். ஆர்கேட்டாவில் பயன்படுத்திய தண்ணீர் ஆர்கேட்டாவின் ஓடைகள் சேரும் அதே சேற்றில், சிப்பியும் காட்விட்டும் காத்திருக்கும் அந்தக் கடைமடையில், கோரை வழியாகவே இறங்கட்டும். மேட்டிலிருந்து கீழே இறங்கும் நீருக்கு மோட்டார் வேண்டியதில்லை. வழியில் சதுப்புக்கு இடம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நிலத்தை வீடு கட்ட விற்றுவிடாமல் இப்போதே வாங்கி வைக்கவேண்டும்.